கல்வராயன் மலையில் சிக்னல் போனாலும் பாட்டு நிற்காது: கார் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் எப்படி வேலை செய்கிறது?

பழைய காரில் ப்ளூடூத் இல்லை, ஆக்ஸ் இல்லை. ரேடியோ மட்டும்தான் இருக்கிறது. சில நூறு ரூபாய் கருவி ஒன்று அந்த ரேடியோவை ஏமாற்றி உங்கள் பாட்டைப் பாட வைக்கிறது. சென்னையில் கரகரக்கும் அதே கருவி வெள்ளிமலையில் கணீரென்று ஒலிப்பது ஏன்?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரைக்கும் பிரச்சினை இல்லை. செல்போனில் பாட்டு ஆப் ஓடிக்கொண்டிருக்கும். கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதையில் வண்டி ஏறத் தொடங்கியதும் கதை மாறும். முதலில் 4ஜி போகும். அடுத்து சிக்னல் கோடு ஒன்றாகக் குறையும். கரியாலூர், வெள்ளிமலை என்று போகிற வழியில் பல இடங்களில் அந்த ஒரு கோடும் காணாமல் போய்விடும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், பாட்டு வராது.

சரி, காரில் ரேடியோ இருக்கிறதே, அதைப் போடலாம் என்றால் அதிலும் ஒரு வளைவில் வருகிற நிலையம் அடுத்த வளைவில் இரைச்சலாகிவிடும்.

இந்தப் பாதையில் ஓடுகிற பழைய ஜீப், மினி லாரி, வாடகைக் கார் எல்லாவற்றுக்கும் கைகொடுப்பது ஒரு சின்னப் பொருள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுவது, முகப்பில் சிவப்பு அல்லது நீல எழுத்தில் 87.5, 98.7 என்று ஏதோ ஒரு எண் மின்னுவது. கடைகளில் 'கார் ப்ளூடூத்', 'எஃப்.எம். மாடுலேட்டர்', 'எம்.பி.3 சார்ஜர்' என்று ஆளுக்கொரு பெயரில் கேட்பார்கள். அதன் சரியான பெயர் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்.

டிரான்ஸ்மிட்டர் என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அது ஸ்பீக்கரும் அல்ல, வெறும் சார்ஜரும் அல்ல. உங்கள் கார் டேஷ்போர்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டி வானொலி நிலையம்.

இந்தக் கருவி என்ன செய்கிறது?

ப்ளூடூத் இல்லாத கார் ஸ்டீரியோவுக்குள் வெளியிலிருந்து பாட்டு நுழைய இருக்கும் வழிகள் மிகக் குறைவு. கேசட் பிளேயர் இருந்தால் கேசட், சி.டி. பிளேயர் இருந்தால் சி.டி. இரண்டும் இல்லாவிட்டால், அல்லது இரண்டும் கெட்டுப்போயிருந்தால், மிச்சம் இருக்கும் ஒரே வாசல் ஆன்டெனா. எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போகிறது.

வேலை மூன்று கட்டமாக நடக்கிறது.

முதல் கட்டம்: செல்போனிலிருந்து பாட்டு ப்ளூடூத் வழியாகக் கருவிக்கு வருகிறது. அல்லது கருவியிலேயே செருகிய பென்டிரைவ், மெமரி கார்டிலிருந்து வருகிறது.

இரண்டாம் கட்டம்: கருவி அந்தப் பாட்டை எஃப்.எம். அலையாக மாற்றி, நீங்கள் தேர்ந்தெடுத்த எண்ணில், உதாரணமாக 88.1 மெகாஹெர்ட்ஸில், காற்றில் அனுப்புகிறது.

மூன்றாம் கட்டம்: அதே 88.1-ல் வைக்கப்பட்ட கார் ரேடியோ அதைப் பிடித்துப் பாடுகிறது. ரேடியோவுக்கு இது ஆகாசவாணியா, உங்கள் செல்போனா என்ற வித்தியாசமே தெரியாது. 88.1-ல் ஏதோ ஒரு நிலையம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

எஃப்.எம். என்றால் அலைவெண் பண்பேற்றம். சிம்பிளாகச் சொன்னால், அலையின் உயரத்தை மாற்றாமல், அது எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்பதைப் பாட்டுக்கு ஏற்ப மிக நுட்பமாகக் கூட்டிக் குறைப்பது. இன்று உலகம் முழுக்கப் பயன்படும் அகலப்பட்டை எஃப்.எம். முறைக்கு அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933-ல் காப்புரிமை பெற்றார். இடி, மின்னல், என்ஜின் தீப்பொறி போன்றவை அலையின் உயரத்தைத்தான் கெடுக்கும், துடிப்பை அதிகம் தொடாது. எஃப்.எம்.-மில் சத்தம் சுத்தமாக வருவதன் ரகசியம் இது. இந்தியாவில் எஃப்.எம். ஒலிபரப்பு முதன்முதலில் தொடங்கியது நம்ம சென்னையில்தான், 1977 ஜூலை 23-ம் தேதி.

குட்டி என்றால் எவ்வளவு குட்டி?

பிரிட்டனில் 2006 டிசம்பர் வரை இந்தக் கருவிகளைப் பயன்படுத்துவது சட்டவிரோதமாக இருந்தது. ஐபாட் பிரபலமாகி எல்லோரும் வாங்கத் தொடங்கிய பிறகு, ஒரு நிபந்தனையோடு அனுமதித்தார்கள். கருவியின் திறன் 50 நானோவாட்டுக்கு மேல் போகக் கூடாது.

50 நானோவாட் எவ்வளவு சின்னது என்பதற்கு இரண்டு ஒப்பீடுகள். உங்கள் ப்ளூடூத் இயர்போன் பொதுவாக அனுப்பக்கூடிய அதிகபட்சத் திறன் சுமார் 2.5 மில்லிவாட். அதாவது ஒரு இயர்போன் அதைவிட 50,000 மடங்கு பலசாலி. ஒரு சமுதாய வானொலி நிலையத்தின் 50 வாட் டிரான்ஸ்மிட்டரோடு ஒப்பிட்டால், இது 100 கோடியில் ஒரு பங்கு.

அமெரிக்காவில் கணக்கை வேறு மாதிரி போடுகிறார்கள். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டையில் உரிமம் இல்லாமல் இயங்கும் கருவியின் அலை, 3 மீட்டர் தூரத்தில் மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட் வலிமைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. கணக்கு வேறு, நோக்கம் ஒன்று. உங்கள் பாட்டு உங்கள் காருக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும்.

இவ்வளவு சன்னமான அலை இன்னொரு தடையையும் தாண்ட வேண்டும். கருவி இருப்பது காருக்குள், கியர் பக்கத்தில். ரேடியோவின் ஆன்டெனா இருப்பது வெளியே, கூரையிலோ முன்பக்க மட்கார்டு ஓரத்திலோ. நடுவில் இருப்பது இரும்புக் கூடு. அலை ஜன்னல் கண்ணாடி வழியாக வெளியே கசிந்து, ஆன்டெனாவைப் போய்த் தொட வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால்பங்கு 75 சென்டிமீட்டர். பழைய கார்களில் இழுத்து நீட்டும் ஆன்டெனா ஏறக்குறைய அந்த நீளத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அதனால் ஆன்டெனா கூரையின் பின்பக்கம் இருக்கும் கார்களில் கருவி கொஞ்சம் திணறும். முன் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே ஆன்டெனா இருக்கும் வண்டிகளில் சுலபமாக வேலை செய்யும். ஒரே கருவி, ஒருவர் காரில் சூப்பர், இன்னொருவர் காரில் வேஸ்ட் என்று பெயர் வாங்குவதற்குப் பாதி காரணம் இது.

சென்னையில் கரகர, மலையில் கணீர். ஏன்?

மீதிப் பாதி காரணம் காற்றில் இருக்கிறது.

இரண்டு நிலையங்கள் ஒரே எண்ணில் வந்தால் எஃப்.எம். ரேடியோ இரண்டையும் கலந்து பாடாது. எது பலமாக இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். இதைக் கவர்வு விளைவு என்று சொல்லலாம். இரண்டும் கிட்டத்தட்ட சம பலத்தில் இருந்தால்தான் வம்பு. ஒரு நொடி இது, ஒரு நொடி அது என்று தாவும். அந்தத் தாவல்தான் நம் காதில் கரகரப்பாக விழுகிறது.

இப்போது சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். 91.1, 92.7, 93.5, 98.3, 101.4, 106.4 என்று டயல் முழுக்க நிலையங்கள். நடுவில் 90.4-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி வேறு. ஒவ்வொன்றும் உயரமான கோபுரத்திலிருந்து வருகிறது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் 50 நானோவாட் கருவி என்ன செய்யும்? பக்கத்து எண்ணில் இருக்கும் நிலையத்தின் சத்தமே இதன்மேல் வழிந்து விழும்.

சென்னையிலிருந்து கிளம்பி உளுந்தூர்பேட்டையில் திரும்பி, சேலம் நெடுஞ்சாலையில் கள்ளக்குறிச்சிக்கு வரும் நான்கைந்து மணி நேரப் பயணத்தில் காற்று மெல்ல மெல்லக் காலியாகிறது. ஆனால் முழுக்கக் காலியாவதில்லை. ஒரு ஊரில் காலியாக இருந்த எண்ணில் அடுத்த ஊரில் யாராவது குடியிருப்பார்கள். புதுச்சேரிப் பக்கத்து நிலையம் மங்க, சேலம் பக்கத்து நிலையம் தலைகாட்டும். தாம்பரத்தில் நன்றாக வேலை செய்த எண் திண்டிவனத்தில் சொதப்பினால், கருவியில் கோளாறு இல்லை. காற்றில் ஆள் மாறியிருக்கிறார், அவ்வளவுதான்.

கல்வராயன் மலைக்குள் போனதும் நிலைமை தலைகீழ். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இது, சுமார் 2,000 முதல் 3,000 அடி வரை உயர்ந்து மடிப்பு மடிப்பாகக் கிடக்கிறது. எஃப்.எம். அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. மலை குறுக்கே நின்றால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். அதனால் பள்ளத்தாக்குப் பகுதிகளில் டயலை முழுக்கச் சுற்றினாலும் கிடைப்பது இரைச்சல்தான். வேறு யாரும் இல்லாத அந்தக் காற்றில் உங்கள் குட்டி நிலையம்தான் ராஜா.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. அதே நேர்கோட்டு விதிப்படி, மலை முகட்டிலும் சமவெளியைப் பார்த்த வளைவுகளிலும் தூரத்து நிலையங்கள் சட்டென்று பலமாக வந்துவிடலாம். கீழே கேட்காத நிலையம் மேலே கேட்கும். மலையேறும்போது ஒரு வளைவில் நம் பாட்டுக்கு நடுவில் யாரோ விளம்பரம் பேசி, அடுத்த வளைவில் காணாமல் போனால் அதற்கு இதுதான் காரணம்.

காலி இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

கருவி வாங்குவதில் பாதி வேலைதான் முடிகிறது. சரியான எண்ணைத் தேடுவது மீதி. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இதைச் செய்யுங்கள்.

1. முதலில் கருவியைக் கழற்றிவிடுங்கள். ரேடியோவை மட்டும் ஆன் செய்யுங்கள்.

2. 'சீக்' அல்லது 'ஸ்கேன்' பட்டனை அழுத்தாதீர்கள். அது நிலையம் இருக்கும் இடத்தில்தான் போய் நிற்கும். நமக்குத் தேவை நிலையம் இல்லாத இடம். அதனால் 0.1, 0.1 ஆகக் கையால் நகர்த்துங்கள்.

3. பேச்சோ பாட்டோ லேசாகக்கூடக் கேட்காமல், சீராக 'ஷ்ஷ்ஷ்' என்ற இரைச்சல் மட்டும் வரும் இடம்தான் காலி மனை.

4. அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் 0.2 வரை தட்டிப் பாருங்கள். ஒரு எஃப்.எம். நிலையம் சுமார் 0.2 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்ளும். பக்கத்து மனையும் காலியாக இருந்தால்தான் நிம்மதி.

5. பட்டையின் இரு ஓரங்களில், அதாவது 88-க்குப் பக்கத்திலும் 108-க்குப் பக்கத்திலும், முதலில் தேடுங்கள். பல இடங்களில் கூட்டம் அங்கே குறைவு.

6. இப்போது கருவியைச் செருகி அதே எண்ணை வையுங்கள். இரைச்சல் 'டக்'கென்று அடங்கி அமைதியானால் ரேடியோ கருவியைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

7. நீண்ட பயணம் என்றால், கிளம்பும் ஊர், நெடுஞ்சாலை, மலை என மூன்று எண்களை முன்கூட்டியே ரேடியோவின் 1, 2, 3 பட்டன்களில் சேமித்து வையுங்கள்.

பாட்டு வருகிறது, கூடவே 'ஊய்ங்' சத்தமும் வருகிறதே?

ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அந்த 'ஊய்ங்' சத்தமும் ஏறி இறங்கினால், அது ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. பேட்டரியை சார்ஜ் செய்யும் மின்சாரத்தில் இருக்கும் சின்ன ஏற்ற இறக்கங்கள், மலிவான கருவியின் வடிகட்டியைத் தாண்டி ஒலிக்குள் நுழைந்துவிடுகின்றன. செல்போனை அதே கருவியில் சார்ஜ் போட்டுக்கொண்டு வயர் வழியாகப் பாட்டும் கேட்டால் இது இன்னும் கூடும். சார்ஜர் வயரைக் கழற்றிப் பாருங்கள், அல்லது ப்ளூடூத்துக்கு மாறுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

பாட்டு உடைந்து, வெடித்துக் கேட்கிறதா? செல்போனில் வால்யூம் முழுசாக இருக்கும். அதை 70, 80 சதவீதத்துக்குக் குறைத்து, ரேடியோ வால்யூமைக் கூட்டுங்கள். மாறாக, செல்போனில் வால்யூம் மிகக் குறைவாக இருந்தால் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. ஒருமுறை பிடித்துவிட்டால் அப்புறம் தொட வேண்டியதில்லை.

தரத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடலாம். எஃப்.எம். ஒலிபரப்பு 15 கிலோஹெர்ட்ஸ் வரைதான் ஒலியைச் சுமக்கும். சி.டி. 20 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். ஜால்ரா, சிம்பல் போன்ற கூர்மையான ஒலிகளில் கொஞ்சம் மினுக்கம் குறையும். டீசல் வண்டி சத்தத்துக்கு நடுவில், மலைப்பாதையில், பெரும்பாலானவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எவ்வளவு உயர்தர ஃபைலைப் போட்டாலும் இந்த வாசலைத் தாண்டி அது உயர்தரமாக வராது என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்னல் இல்லாத இடத்தில் பாட்டு எங்கிருந்து வரும்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டிரான்ஸ்மிட்டருக்கு இன்டர்நெட் தேவையில்லை. ஆனால் செல்போனில் ஓடும் ஆப்புக்குத் தேவை. ஆப் நின்றால், ஒலிபரப்ப நிலையம் தயாராக இருக்கும், கையில் பாட்டு இருக்காது.

மலைக்குப் போகும் முன் ஆப்பில் பாட்டுகளை ஆஃப்லைனுக்கு டவுன்லோட் செய்து வையுங்கள். ஏரோபிளேன் மோடு போட்டுவிட்டு, ப்ளூடூத்தை மட்டும் ஆன் செய்து, பாட்டு ஓடுகிறதா என்று வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். இன்னும் எளிய வழி, பென்டிரைவ் அல்லது மெமரி கார்டு. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு தினமும் மலை இறங்கும் வண்டிக்கு இதுதான் தோது. செல்போன் பேட்டரியும் தீராது, நடுவில் போன் வந்து பாட்டும் நிற்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

காற்றில் அலை அனுப்புவது இந்தியாவில் என்றைக்குமே அனுமதி தேவைப்பட்ட விஷயம். கம்பியில்லாக் கருவியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதையே 1933-ம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் தடை செய்தது. 1980-களின் நடுப்பகுதி வரை ரேடியோ கேட்பதற்கே தபால் நிலையத்தில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கிய காலம் இருந்தது. வீட்டில் தாத்தாவின் பெட்டியைத் துழாவினால் அந்தச் சின்னப் புத்தகம் கிடைக்கலாம். அந்தப் பழைய சட்டங்களின் இடத்துக்கு வந்திருப்பது 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம்.

இதற்கு நடுவில் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைச் சொன்னது. அலைவரிசை பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்றது. பொதுச் சொத்து என்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. பொது நலனுக்காக முறைப்படுத்தப்பட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

இதன் எல்லை எங்கே என்பதற்கு ஒரு உதாரணம் பிகாரில் இருக்கிறது. வைஷாலி மாவட்டத்தின் மன்சூர்பூர் கிராமத்தில், ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஒரு இளைஞர் சுமார் 50 ரூபாய் செலவில் ஒரு டிரான்ஸ்மிட்டரைச் செய்தார். மூங்கில் கம்பத்தில் ஆன்டெனா கட்டி, 'ராகவ் எஃப்.எம். மன்சூர்பூர் 1' என்று பெயர் வைத்து, பாட்டும் உள்ளூர்ச் செய்தியும் ஒலிபரப்பினார். சுற்றுவட்டார மக்கள் விரும்பிக் கேட்டார்கள். 2006-ல் பி.பி.சி. வழியாக அது உலகத்துக்கே தெரிந்தது. அதே ஆண்டில் உரிமம் இல்லை என்று அதிகாரிகள் அதை நிறுத்திவிட்டார்கள்.

காரில் இருக்கும் கருவியும் அவர் செய்த கருவியும் தொழில்நுட்பத்தில் சொந்தக்காரர்கள். வித்தியாசம் திறனில்தான். காருக்குள் முடிந்துபோகும் அலை யாரையும் தொந்தரவு செய்யாது. ஆனால் 'ரேஞ்ச் அதிகம்' என்று விளம்பரம் செய்யும் கருவிகளையும், இருக்கும் கருவியில் கூடுதல் ஆன்டெனா, பூஸ்டர் என்று கை வைப்பதையும் தவிருங்கள். டோல்கேட் வரிசையில் பக்கத்துக் காரில் உங்கள் பாட்டு கேட்டால், அது பெருமை அல்ல. உங்கள் கருவி அளவு மீறுகிறது என்பதற்கான அடையாளம்.

இன்னொரு காரணமும் உண்டு. எஃப்.எம். பட்டை முடியும் 108 மெகாஹெர்ட்ஸை ஒட்டியே விமான வழிகாட்டும் அலைவரிசைகள் ஆரம்பிக்கின்றன. அதற்கு மேலே விமானிகள் பேசும் அலைவரிசை. பலமான, ஆனால் மோசமாகச் செய்யப்பட்ட டிரான்ஸ்மிட்டர் தன் எல்லையைத் தாண்டி அங்கேயும் சிந்தும். விளையாட்டாக முடியாது.

வளைவில் எண் மாற்றாதீர்கள்

இந்தக் கருவியின் உண்மையான ஆபத்து சட்டத்திலோ ஒலித் தரத்திலோ இல்லை. டிரைவரின் கையில் இருக்கிறது.

பாட்டு கரகரத்ததும் கை தானாகக் கருவிக்குப் போகும். அது இருப்பதோ கியருக்குப் பக்கத்தில், கீழே. எண்ணை மாற்ற வேண்டும், ரேடியோவிலும் அதே எண்ணை மாற்ற வேண்டும். நெடுஞ்சாலையிலேயே இது தப்பு. கொண்டை ஊசி வளைவில், எதிரே கரும்பு லாரியோ பேருந்தோ இறங்கிவரும் பாதையில், இரண்டு நொடி பார்வை விலகினாலே அதிகம். மலையில் எந்த வளைவில் பாட்டு கெடும் என்று மேலே பார்த்தோம் அல்லவா? சமவெளியைப் பார்த்த, பள்ளம் திறந்து கிடக்கும் வளைவில்தான். கை அசையக் கூடாத இடமும் அதுதான்.

பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் வேலையைக் கொடுங்கள். தனியாகப் போகிறீர்கள் என்றால் கெட்டது கெட்டபடி விட்டுவிடுங்கள், அடுத்த வளைவில் தானாகச் சரியாகும். வண்டி ஓட்டும்போது செல்போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்தினால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவின்படி ஆபத்தான ஓட்டுதலாகக் கருதி 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு.

சத்தத்தையும் அளவோடு வையுங்கள். மலைப்பாதையில் எதிரே வருவது கண்ணுக்கு முன் காதுக்குத்தான் தெரியும். ஹாரன் கேட்கவில்லை என்றால் வால்யூம் அதிகம்.

வாங்கலாமா, வேறு வழி இருக்கிறதா?

ஸ்டீரியோவில் ஆக்ஸ் துளை இருந்தால் இந்தக் கருவியே தேவையில்லை. ஒரு 3.5 மில்லிமீட்டர் வயர் போதும், ஒலித் தரமும் மேல். கேசட் பிளேயர் வேலை செய்தால் கேசட் வடிவ அடாப்டர் நல்ல மாற்று. சொந்தக் கார், இன்னும் சில வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், சில ஆயிரம் செலவழித்து ப்ளூடூத் உள்ள ஸ்டீரியோவையே மாற்றிவிடலாம். அடிக்கடி வண்டி மாற்றி ஓட்டுபவர், வாடகை வண்டிக்காரர், பழைய வண்டியின் டேஷ்போர்டில் கை வைக்க விரும்பாதவர் ஆகியோருக்குத்தான் டிரான்ஸ்மிட்டர் சரி.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். கார் 12 வோல்ட், லாரியும் பேருந்தும் பெரும்பாலும் 24 வோல்ட். கருவி எதைத் தாங்கும் என்று பெட்டியில் படியுங்கள். இரண்டாவது, எண்ணை 0.1 படியாக மாற்ற முடிய வேண்டும். நாலைந்து எண்கள் மட்டுமே உள்ள கருவி பயணத்துக்கு உதவாது. மூன்றாவது, சாக்கெட்டில் ஆடாமல் உட்கார வேண்டும். ஆடினால் சூடாகும், ஃபியூஸ் போகும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும். அப்படியானால் இறங்கும்போது கருவியைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் காலையில் பேட்டரி இறங்கியிருக்கும்.

காலியான காற்றின் இன்னொரு பக்கம்

சுற்றுலா வருபவருக்குக் கல்வராயன் மலையின் காலியான காற்று ஒரு வசதி. பாட்டு சுத்தமாகக் கேட்கும். அங்கேயே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அது வேறு மாதிரி.

ரேடியோவில் நிலையம் கிடைக்காத பள்ளத்தாக்கில் பெரும்பாலும் செல்போன் கோபுரமும் எட்டாது. இரண்டையும் மறைப்பது ஒரே மலைதான். பிரசவ வலி, பாம்புக்கடி, விபத்து எதுவானாலும் 108-க்கு அழைக்க முதலில் ஒரு சிக்னல் கோடு வேண்டும். 112 எண்ணை எந்த நிறுவனத்தின் நெட்வொர்க் கிடைத்தாலும் அதன் வழியாக அழைக்க முடியும். ஆனால் ஏதாவது ஒரு நெட்வொர்க் இருக்க வேண்டும்.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26-ல். 2024 ஜூனில் நடந்த விஷச்சாராய மரணங்களுக்குப் பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரம், அடிப்படை வசதிகள் குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, மருத்துவம் என்று அடிப்படைக் கேள்விகளே அந்த வழக்கில் எழுந்தன. நாடு முழுக்க செல்போன் சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. அப்படிப்பட்ட கிராமங்கள் அத்தனை இருந்தன என்பதே அந்த எண் சொல்லும் செய்தி.

ரேடியோ இங்கே பழைய பொருள் அல்ல. 2023 ஏப்ரலில் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், செல்போன்களில் எஃப்.எம். வசதியை முடக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. புயல், வெள்ளத்தில் கோபுரங்கள் செயலிழந்தாலும் எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்க வானொலியால் முடியும் என்பது அதில் சொன்ன காரணங்களில் ஒன்று. ஒரு சமுதாய வானொலியின் 50 வாட் டிரான்ஸ்மிட்டர் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குப் போதும். உயரத்தில் வைத்தால் கீழே பல ஊர்களுக்குக் கேட்கும். மழை எச்சரிக்கை, பள்ளி விடுமுறை, மருத்துவ முகாம் எல்லாம் அந்த மலையின் பேச்சிலேயே சொல்ல இடம் அங்கே இருக்கிறது. டயலில் இடப் பற்றாக்குறை என்று அங்கே யாரும் சொல்ல முடியாது.

இந்த வார இறுதியில் பெரியார் அருவிக்கோ மேகம் அருவிக்கோ கிளம்புபவர்கள், கச்சிராயபாளையத்திலேயே வண்டியை நிறுத்தி நான்கு வேலைகளை முடித்துக்கொள்வது நல்லது. பாட்டை டவுன்லோட் செய்யுங்கள். மேப்பையும் ஆஃப்லைனில் சேமியுங்கள். காலி எண்ணை ரேடியோவில் சேமித்து வையுங்கள். வீட்டுக்கு ஒரு போன் போட்டு, எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்பி சிக்னலுக்குள் வருவீர்கள் என்று சொல்லிவிடுங்கள். மேலே போன பிறகு பாட்டுக்குக் கவலையில்லை. அவசரத்துக்கு ஆள் கூப்பிடத்தான் வழி தேட வேண்டியிருக்கும்.